அழிந்ததா, அழியவில்லையா? ஜாவா ஜெனரிக்ஸில் ரன்டைம் வரை மிஞ்சுவது எது

போன வாரம் மொரீஷியஸின் எபேனில் டால் பூரி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, ஜாவாவில் ஜெனரிக் டைப் எல்லாம் கம்பைல் ஆனதும் அழிஞ்சிடும்னு சொல்றாங்க. அப்புறம் ஜாக்சன்கிட்ட டைப்ரெஃபரன்ஸ் கொடுத்து 'புக்கிங் லிஸ்ட்'னு சொன்னா அதுக்கு எப்படித் தெரியுது? சரி, எப்படியோ தெரியுது. அதே வரியை ஒரு பொதுவான ஹெல்பர் மெத்தடுக்குள்ள தூக்கிப் போட்டா, புக்கிங் வர்ற இடத்துல லிங்க்ட்ஹாஷ்மேப் வந்து நிக்குதே, அது ஏன்? அழிஞ்சுதா இல்லையா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. கையெல்லாம் சட்னி. பாதி பதில்தான் சொன்னேன், மீதியை இங்கே எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: வெறும் 'லிஸ்ட்' என்று நிறுத்தாமல் 'எதன் லிஸ்ட்' என்றும் டைப்பைச் சொல்ல வைப்பது ஜெனரிக்ஸ். ரன்டைம் என்பது நிரல் ஓடும் நேரம். ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் லைப்ரரி ஜாக்சன், அதனிடம் எந்த டைப் வேண்டும் என்று சொல்லும் கிளாஸ் டைப்ரெஃபரன்ஸ். லிங்க்ட்ஹாஷ்மேப் என்பது பெயரும் மதிப்புமாக ஜோடி ஜோடியாக வைக்கும் பொதுவான மேப்.

தம்பி, இரண்டுமே நடக்கிறது. ஆப்ஜெக்டிடம் அந்தத் தகவல் இல்லை. ஆனால் சோர்ஸில் நீங்கள் எழுதிய அறிவிப்புகளில், அதாவது கிளாஸ், ஃபீல்டு, மெத்தடு ஆகியவற்றின் தலைப்பு வரிகளில், எழுதிய ஜெனரிக் டைப் அப்படியே கம்பைலர் உருவாக்கும் கிளாஸ் ஃபைலுக்குள் பதிவாகிறது. ஜாக்சன் படிப்பது அந்தப் பதிவைத்தான்.

மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம், மோக்காவிலேயே இருக்கிறது. 1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் பதிவேடுகளை மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், கிராமம், வந்த கப்பல் என்று ஏட்டில் இருக்கும். இன்றைக்கு ரோஸ் ஹில் கடைத்தெருவில் கிரியோல் பேசிக்கொண்டு போகும் ஓர் 'ஆர்மூகும்' குடும்பத்துக்காரரைப் பார்த்து, அவருடைய பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கமா, சேலத்துப் பக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆளிடம் அந்தத் தகவல் இல்லை, ஏட்டில் இருக்கிறது. எந்த ஏடு, எந்த எண் என்று தெரிந்தவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆறுமுகம் என்று சொன்னதை அந்தக் காலத்துக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆர்மூகும் என்று எழுதினார் அல்லவா, ஜாவா கம்பைலரும் அவர் ஜாதிதான். நீங்கள் எழுதியதை அப்படியே பதிவு செய்யும், மேற்கொண்டு விசாரிக்காது. உங்கள் பிழை பிறப்பது இந்த இடத்தில்தான். அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் அழிவது எது என்று பார்ப்போம். ஸ்ட்ரிங் லிஸ்ட் ஒன்று, இன்டீஜர் லிஸ்ட் ஒன்று, இரண்டையும் அர்ரேலிஸ்ட்டாக உருவாக்கி கெட்கிளாஸ் கேட்டால் இரண்டுக்கும் ஒரே கிளாஸ்தான் வரும். ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மைப் பொறுத்தவரை உலகத்தில் அர்ரேலிஸ்ட் ஒன்றே ஒன்றுதான். உள்ளே இருப்பது ஆப்ஜெக்ட் அர்ரே. லிஸ்ட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஸ்ட்ரிங் வேரியபிளில் வைக்கிறீர்களே, அந்த இடத்தில் கம்பைலர் உங்களுக்குத் தெரியாமல் 'இது ஸ்ட்ரிங்தானா' என்று சோதிக்கும் ஒரு செக்காஸ்ட் கட்டளையைச் செருகி வைக்கிறது. அதனால்தான் தப்பான ஆளை உள்ளே விட்டது ஓரிடமாகவும், கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் வெடிப்பது இன்னோரிடமாகவும் இருக்கிறது. வெடிக்கிற வரியில் நீங்கள் காஸ்ட் எதுவும் எழுதியிருக்க மாட்டீர்கள். புதிதாக வருபவர்கள் அந்த வரியையே மணிக்கணக்கில் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரிங் லிஸ்ட் வாங்கும் மெத்தடு ஒன்றும் இன்டீஜர் லிஸ்ட் வாங்கும் மெத்தடு ஒன்றும் ஒரே பெயரில் ஒரே கிளாஸில் எழுத முடியாததும் இதனால்தான். அழித்த பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். 'டி' என்ற டைப் பாராமீட்டரை (பிறகு சொல்லப்படும் டைப்புக்கு இடம்பிடித்து வைக்கும் பெயர்) வைத்து நியூ போட முடியாததும், 'டி' அர்ரே உருவாக்க முடியாததும் இதே காரணத்தால். அர்ரே மட்டும் ஜாவாவில் தன் டைப்பை ரன்டைமிலும் கையோடு வைத்திருக்கும். ஸ்ட்ரிங் அர்ரேவை ஆப்ஜெக்ட் அர்ரே என்று சொல்லிக்கொண்டு அதில் ஓர் இன்டீஜரை வைத்துப் பாருங்கள், அந்த நொடியே அர்ரேஸ்டோர் எக்செப்ஷன் வரும். லிஸ்ட்டில் அந்தக் காவல் கிடையாது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஜெனரிக்ஸ் வந்தது 2004இல், ஜாவா 5உடன். அதற்கு முன்பே ஜாவா பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது, லிஸ்ட்டும் மேப்பும் இல்லாத நிரலே கிடையாது. பழைய கிளாஸ் ஃபைலை மறுபடி கம்பைல் செய்யாமலேயே புதிய லைப்ரரியோடு ஓட்ட வேண்டும். அது மட்டும் போதாது. ஒரு லைப்ரரி ஜெனரிக்ஸுக்கு மாறியதும் அதைப் பயன்படுத்துபவர்கள் எல்லோரும் அதே நாளில் மாற வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கக் கூடாது. கிலாட் பிராகா, மார்ட்டின் ஓடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுட்டமயர், ஃபிலிப் வாட்லர் ஆகிய நால்வரும் 1998இல் காட்டிய ஜிஜே என்ற வடிவமைப்பு இதைச் செய்துகாட்டியது. ஜாவாவில் வந்த ஜெனரிக்ஸுக்கு அடித்தளம் அதுதான்.

இந்தக் கவலை எவ்வளவு நுணுக்கமாகப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கலெக்‌ஷன்ஸ் கிளாஸில் உள்ள மேக்ஸ் மெத்தடின் அறிவிப்பைத் திறந்து பாருங்கள். 'டி' என்பது கம்பேரபிளை நீட்டிக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதாதா? அங்கே 'ஆப்ஜெக்டையும் கம்பேரபிளையும் நீட்டிக்க வேண்டும்' என்று எழுதியிருப்பார்கள். எல்லாமே ஆப்ஜெக்ட்தானே, இதைத் தனியாக ஏன் சொல்ல வேண்டும் என்று நானும் வெகு நாள் நினைத்ததுண்டு. விஷயம் என்னவென்றால், அழிக்கும்போது முதலில் எழுதிய எல்லைதான் மிஞ்சும். கம்பேரபிள் முதலில் இருந்தால் அந்த மெத்தடு கம்பேரபிளைத் திருப்பித் தருவதாக மாறிவிடும். ஜாவா 5க்கு முன்பு அது ஆப்ஜெக்டைத் திருப்பித் தந்தது, பழைய கிளாஸ் ஃபைல்கள் அதைத்தான் தேடும். அதற்காகத்தான் அந்த வேண்டாததுபோல் தெரியும் ஆப்ஜெக்ட்.

சி ஷார்ப்காரர்கள் வேறு வழியில் போனார்கள். டான் சைமும் ஆண்ட்ரூ கென்னடியும் வடிவமைத்தபடி, 2005இல் அதன் தளமான டாட்நெட் 2.0 வந்தபோது ரன்டைமுக்கே ஜெனரிக்ஸ் தெரியும்படி செய்தார்கள். அங்கே இன்ட் லிஸ்ட்டும் ஸ்ட்ரிங் லிஸ்ட்டும் உண்மையிலேயே வேறு வேறு டைப்கள். இன்ட் லிஸ்ட்டுக்கெனத் தனி மெஷின் கோடு, எண்ணை ஆப்ஜெக்டுக்குள் பொதியும் பாக்ஸிங் இல்லை. ரெஃபரன்ஸ் டைப்கள் மட்டும் ஒரே கோடைப் பகிர்ந்துகொள்ளும், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் தனி. இதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? பழைய அர்ரேலிஸ்ட் ஒரு பக்கம், புதிய ஜெனரிக் லிஸ்ட் ஒரு பக்கம் என்று இரண்டு கலெக்‌ஷன் குடும்பங்கள். சி ஷார்ப் அப்போது சின்னப்பிள்ளை, தாங்கிக்கொண்டது. ஜாவா அன்று அதைச் செய்திருந்தால் பாதிப் பேர் இன்றுவரை பழைய லிஸ்ட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். எரேஷரை, அதாவது இப்படி டைப்பை அழிப்பதை, திட்டுபவர்களோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது.

சரி, மிஞ்சுவது எது? கிளாஸ் ஃபைலில் சிக்னேச்சர் என்றொரு பகுதி உண்டு. ஒரு கிளாஸ் எந்த ஜெனரிக் கிளாஸை நீட்டிக்கிறது, எந்த ஜெனரிக் இன்டர்ஃபேஸை நிறைவேற்றுகிறது, ஒரு ஃபீல்டின் முழு டைப் என்ன, ஒரு மெத்தடு எதை வாங்கி எதைத் தருகிறது, டைப் பாராமீட்டர்களின் எல்லைகள் என்ன, எல்லாம் அதில் எழுத்தாக இருக்கும். ஓடும்போது ஜேவிஎம் அதைக் கண்டுகொள்வதில்லை. ரிஃப்ளெக்‌ஷன் வழியாக, அதாவது நிரல் தன் கிளாஸ்களைப் பற்றித் தானே விசாரிக்கும் வசதியால், கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுக்கும். ஃபீல்டிடம் கெட்டைப் கேட்டால் வெறும் லிஸ்ட் என்று வரும். கெட்ஜெனரிக்டைப் கேட்டால் 'புக்கிங் லிஸ்ட்' என்று முழுதாக வரும். ஜேடிகேயோடு வரும் ஜாவாபி கருவியை விரிவான வெளியீடு கேட்டு ஓட்டினால் இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருமுறை பார்த்துவிடுங்கள், நான் எழுதும் பத்துப் பத்திக்கு அது சமம்.

மெத்தடுக்குள்ளே இருக்கும் லோக்கல் வேரியபிளுக்கு இந்த வசதி கிடையாது. டீபக் தகவலோடு கம்பைல் செய்தால் அதன் ஜெனரிக் டைப்பும் ஒரு அட்டவணையில் எழுதப்படும்தான், ஆனால் அது டீபக்கருக்காக. ரிஃப்ளெக்‌ஷனால் அதைத் தொட முடியாது. லாம்டாவும், அதாவது பெயரில்லாமல் சுருக்கி எழுதும் ஃபங்ஷனும், இப்படித்தான். ஸ்ட்ரிங் வாங்கி இன்டீஜர் தரும் ஃபங்ஷனை லாம்டாவாக எழுதிவிட்டு, பிறகு அந்த ஆப்ஜெக்டின் இன்டர்ஃபேஸ்களைக் கேட்டால் வெறும் ஃபங்ஷன் என்றுதான் பதில் வரும். தரவு ஓட்டங்களைச் செயலாக்கும் அப்பாச்சி ஃப்ளிங்கில் லாம்டா எழுதினால் சில இடங்களில் திரும்பும் டைப்பைக் கையால் சொல்லச் சொல்லி அது அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம். அதையே அனானிமஸ் கிளாஸாக எழுதினால் பேசாமல் இருக்கும்.

அனானிமஸ் கிளாஸ் என்றதும் டைப்ரெஃபரன்ஸின் மர்மம் பாதி அவிழ்ந்துவிடும். அதை உருவாக்கும் வரியின் கடைசியில் ஒரு ஜோடி நெளிவு அடைப்பு போடுகிறீர்களே, உள்ளே ஒன்றுமில்லாமல்? அது அலங்காரத்துக்கு இல்லை. அதைப் போட்டதால் அந்த இடத்தில் பெயரில்லாத ஒரு புதிய கிளாஸ் பிறக்கிறது. அந்தக் கிளாஸின் தாய் 'புக்கிங் லிஸ்ட்டுக்கான டைப்ரெஃபரன்ஸ்'. தாயின் ஜெனரிக் டைப் கிளாஸின் அறிவிப்பில் சேர்ந்தது, ஆகவே சிக்னேச்சரில் பதிவாகிவிடும். ஜாக்சன் செய்வதெல்லாம் கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸ் என்று கேட்டு, முதல் டைப் ஆர்குமென்டை உருவி எடுப்பதுதான். ஆப்ஜெக்டிடம் இல்லாத தகவலை, அதற்கென்றே ஒரு குட்டிக் கிளாஸைப் பெற்றெடுத்து அதன் ஏட்டில் எழுத வைக்கிறோம். 2006இல் நீல் காஃப்டர் இந்த உத்தியை சூப்பர் டைப் டோக்கன் என்ற பெயரில் எழுதினார். ஜிசன், குவாவா என்ற லைப்ரரிகள் இரண்டின் டைப்டோக்கனும் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் பாராமீட்டரைஸ்டுடைப்ரெஃபரன்ஸும் இதே வித்தைதான். அடைப்பை மறந்தால் குட்டிக் கிளாஸ் பிறக்காது, ஏடும் இருக்காது. அதனால்தான் ஜாக்சன் அந்தக் கிளாஸை அப்ஸ்ட்ராக்ட் என்று வைத்திருக்கிறது. மறந்தாலும் கம்பைலர் விடாது.

இப்போது உங்கள் ஹெல்பர் மெத்தடுக்கு வருவோம். அங்கே நீங்கள் எழுதியது 'புக்கிங் லிஸ்ட்' இல்லை, 'டி லிஸ்ட்'. மெத்தடைக் கூப்பிட்டவர் 'டி' என்றால் புக்கிங் என்று நினைத்துத்தான் கூப்பிட்டார், உண்மை. ஆனால் குட்டிக் கிளாஸ் பிறந்தது ஹெல்பருக்குள், கம்பைல் ஆன நேரத்தில், ஒரே ஒரு முறை. அப்போது குமாஸ்தாவின் முன் இருந்தது 'டி' என்ற எழுத்து மட்டும். அதையே பதிவு செய்தார். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் 'தகப்பன்' என்று எழுதி வைத்ததைப்போல. ஏடு இருக்கிறது, பக்கம் இருக்கிறது, ஆனால் பயனில்லை. ஜாக்சன் அந்த 'டி'யைப் பார்க்கும், அது யார் என்று தெரியாது, எல்லை எதுவும் போடாததால் ஆப்ஜெக்ட் என்று எடுத்துக்கொள்ளும். ஜேசனில் உள்ள ஒவ்வொரு புக்கிங்கும் அப்போது என்னவாக வேண்டும்? ஆப்ஜெக்ட் கேட்டால் ஜாக்சன் வழக்கமாகத் தருவது லிங்க்ட்ஹாஷ்மேப். லிஸ்ட்டின் நீளமெல்லாம் சரியாகவே இருக்கும். முதல் புக்கிங்கை எடுத்து வேரியபிளில் வைக்கும்போதுதான் மேலே சொன்ன செக்காஸ்ட் போட்டு உடைக்கும். ஜிசனின் புதிய பதிப்புகள் டைப்டோக்கனில் 'டி' மாதிரி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தால் அங்கேயே மறுத்துவிடுகின்றன. நல்ல பழக்கம்.

'டி'யைச் சில சமயம் கண்டுபிடிக்கவும் முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். 'புக்கிங், லாங் ஆகியவற்றுக்கான ரெபாசிட்டரி' என்ற இன்டர்ஃபேஸை நீட்டித்து நீங்கள் ஒரு புக்கிங்ரெபாசிட்டரி எழுதுகிறீர்கள். பொது ரெபாசிட்டரிக்குள் 'டி' என்றும் 'ஐடி' என்றும்தான் இருக்கும். ஆனால் அதை நீட்டிக்கும் வரியில் உண்மைப் பெயர்கள் இருக்கின்றன, அந்த வரி பதிவாகியிருக்கிறது. ஸ்பிரிங்கின் ரிசால்வபிள்டைப் செய்வது இந்தச் சங்கிலியில் படிப்படியாக ஏறுவதுதான்: தாயின் முதல் பாராமீட்டருக்குப் பிள்ளை முதலில் கொடுத்தது எது, இரண்டாவதற்கு எது என்று இடத்தை வைத்துப் பொருத்திக்கொண்டே போகும். பெயரை வைத்து அல்ல, வரிசையை வைத்து. வரிசை மாறினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் வந்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதற்கு எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. சங்கிலியில் எங்காவது ஓரிடத்தில் யாராவது உண்மைப் பெயரை எழுதியிருந்தால் கண்டுபிடிக்கலாம். கடைசி வரை 'டி'யாகவே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், நானே விழுந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஹோட்டலுக்காக ஆண்ட்ராய்டு செயலி செய்துகொண்டிருந்தோம். என் போனில் எல்லாம் ஓடியது. வெளியீட்டுக்கான பில்டு போட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்த அன்று சாயங்காலம், அறைப் பட்டியலைத் திறந்ததும் செயலி விழுகிறது என்று போன் வந்தது. அன்று தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள், வீட்டில் எல்லோரும் கோயில் வேலையில் இருக்க நான் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கோடில் ஒரு பிழையும் இல்லை. வெளியீட்டு பில்டில் செயலியைச் சுருக்குவதற்கு ஆர்8 என்ற கருவி ஓடுகிறது. ஓடுவதற்குத் தேவையில்லாததையெல்லாம் அது வெட்டி எறியும். ஜேவிஎம் கண்டுகொள்ளாத பகுதி சிக்னேச்சர் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆர்8 பார்வையில் அது வெறும் குப்பை. ஏட்டையே எரித்துவிட்டது. ஜிசன் போய்ப் பார்த்தால் பக்கம் காலி. சிக்னேச்சரை வைத்துக்கொள் என்று விதிக் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. அந்த ஒரு வரிக்கு எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது.

ஜேவிஎம்மில் ஓடும் இன்னொரு மொழியான கோட்லினில் ரீஃபைடு என்று போட்டால் 'டி' ரன்டைமிலும் தெரிகிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அதிலும் மந்திரம் ஒன்றும் இல்லை. ரீஃபைடு என்பது இன்லைன் ஃபங்ஷனில் மட்டும்தான் அனுமதி. இன்லைன் என்றால் ஃபங்ஷனின் உடல் முழுவதும் கூப்பிட்ட இடத்தில் பிரதி எடுக்கப்படும். கூப்பிட்ட இடத்தில் உண்மைப் பெயர் இருக்கிறது, பிரதியில் 'டி' இருந்த இடமெல்லாம் அது உட்கார்ந்துகொள்ளும். நாம் கையால் எழுதும் குட்டிக் கிளாஸைக் கம்பைலரே ஒவ்வோர் இடத்திலும் எழுதித் தருகிறது, அவ்வளவுதான். ரீஃபைடு இல்லாத 'டி'யை அதற்கு நேரடியாகக் கொடுத்தால் கம்பைல் ஆகாது.

மற்ற மொழிகளைப் பற்றி ஆளுக்கொரு வரி போதும். டார்ட்டில் லிஸ்ட் ஆப்ஜெக்டே தன் டைப்பைச் சுமக்கும், 'நீ ஸ்ட்ரிங் லிஸ்ட்டா' என்று நேரடியாகக் கேட்கலாம். டைப்ஸ்கிரிப்ட் எதிர்க் கோடி, அங்கே ஜெனரிக் மட்டும் இல்லை, டைப் என்று எழுதிய எதுவும் ஜாவாஸ்கிரிப்ட்டாக மாறிய பிறகு இருக்காது. ஏடும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை.

இனி உங்கள் ஹெல்பர். அதற்குள் டைப்ரெஃபரன்ஸ் உருவாக்குவதை நிறுத்துங்கள். உண்மைப் பெயர் தெரிந்தவர் கூப்பிடுபவர்தான், அவரிடமே வாங்குங்கள். இரண்டு வழி. ஒன்று, டைப்ரெஃபரன்ஸையே மெத்தடின் பாராமீட்டராக வைப்பது. அடைப்பைக் கூப்பிடுபவர் தன் கோடில் போடுவார், குட்டிக் கிளாஸ் அவர் வீட்டில் பிறக்கும். இன்னொன்று, புக்கிங்கின் கிளாஸ் ஆப்ஜெக்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஜாக்சனின் ஆப்ஜெக்ட்மேப்பரில் உள்ள டைப்ஃபேக்டரியிடம் கன்ஸ்ட்ரக்ட்கலெக்‌ஷன்டைப் மெத்தடைக் கூப்பிட்டு, லிஸ்ட்டையும் அந்தக் கிளாஸையும் சேர்த்துக் கொடுப்பது. வெறும் லிஸ்ட் மட்டும் என்றால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், கூப்பிடுபவருக்கு எழுத்து வேலை குறைவு. பக்கம் பக்கமாக வரும் பதிலுக்குள் லிஸ்ட், அதற்குள் புக்கிங் என்று இரண்டு மூன்று அடுக்கு இருந்தால் முதல் வழிக்கே போங்கள், கிளாஸ் ஆப்ஜெக்டால் அடுக்குகளைச் சொல்ல முடியாது. மாற்றிய பிறகும் லிங்க்ட்ஹாஷ்மேப் வந்தால், கூப்பிடும் இடத்தில் இருப்பதும் இன்னொரு 'டி'யா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து பத்தில் ஒன்பது முறை அப்படித்தான் இருக்கும்.